போரில் தோற்ற நாட்டுக்கு என்ன ஆகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாடு போரில் தோற்றது என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். அந்த வரிக்குப் பிறகு நடந்தவற்றைப் பற்றியவைதான் இங்கே வரும் கேள்விகள். யார் கையெழுத்துப் போட்டார்கள், யார் பணம் கட்டினார்கள், யார் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள், பழி யார் தலையில் விழுந்தது என்பவையே பேச்சு. போர்த் தந்திரமும் பீரங்கி வகைகளும் தேடி வந்தவர்களுக்கு இங்கே அதிகம் கிடைக்காது.

ஒரு நாடு தோற்றுவிட்டது என்று எப்போது சொல்லலாம்?

தன் காரியத்தைத் தானே முடிவு செய்யும் உரிமை அதன் கையைவிட்டு இன்னொருவர் கைக்குப் போகும்போது. இது என் அளவுகோல். வேறு அளவுகோல்கள் சோதித்துப் பார்த்தால் நிற்பதில்லை. செத்தவர் கணக்கை எடுத்துக்கொண்டால், இரண்டாம் உலகப் போரில் வென்ற சோவியத் யூனியன் இழந்த உயிர்கள், தோற்ற ஜெர்மனி இழந்ததைவிடப் பல மடங்கு அதிகம். நிலக் கணக்கும் உதவாது. 1918 நவம்பரில் ஜெர்மனி தோற்ற அன்று அதன் படைகள் பெல்ஜியத்தில் நின்றுகொண்டிருந்தன. ஜெர்மனியின் எந்தப் பெருநகரத்தையும் எதிரி பிடித்திருக்கவில்லை. ஆனாலும் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதைச் சொல்லும் இடத்தில் பெர்லின் இல்லை.

பழைய உதாரணம் ஒன்று இதை இன்னும் தெளிவாகக் காட்டும். கிமு 201இல் ரோமிடம் தோற்ற வட ஆப்பிரிக்க நகர அரசான கார்த்தேஜ் 10,000 தாலந்து (பழைய எடை அளவு) வெள்ளியை 50 ஆண்டுத் தவணையில் கட்ட வேண்டும், பத்துப் போர்க்கப்பலுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, ரோமின் அனுமதியில்லாமல் யாருடனும் போர் செய்யக் கூடாது என்று ஒப்பந்தம். பணத்தைக் கார்த்தேஜ் கட்டிவிட்டது; வாணிகத்தில் கெட்டிக்காரர்கள். கப்பல் இல்லாமலும் வாழ்ந்தார்கள். மூன்றாவது நிபந்தனைதான் கழுத்தில் விழுந்த சுருக்கு. பக்கத்து நுமிடிய மன்னன் மாசினிஸா கொஞ்சம் கொஞ்சமாக எல்லையை அரித்தான். முறையிட்டால் ரோம் அவன் பக்கமே சாய்ந்தது. பொறுக்க முடியாமல் கார்த்தேஜ் வாளெடுத்தபோது, ஒப்பந்தத்தை மீறிவிட்டாய் என்று ரோம் படையோடு வந்தது. கிமு 146இல் அந்த நகரமே இல்லை. இடிபாடுகளில் உப்பைத் தூவினார்கள் என்று சொல்வது மட்டும் பிற்காலத்துச் சரடு.

போர்நிறுத்தம், சரணாகதி, சமாதான உடன்படிக்கை எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. போர்நிறுத்தம் என்றால் சுடுவதை நிறுத்துகிறோம் என்று பொருள், அவ்வளவுதான். கொரியாவில் 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்தம் கையெழுத்தானது. சமாதான உடன்படிக்கை வரவே இல்லை. சரணாகதி என்பது ஆயுதத்தைக் கீழே போடுவது; படைத்தளபதியே கையெழுத்திடலாம். உடன்படிக்கைதான் எல்லை எங்கே, கடன் எவ்வளவு, கைதிகள் எப்போது என்று எழுதிவைப்பது. அதற்கு அரசு வேண்டும்.

இவற்றுக்கிடையே ஆண்டுக்கணக்கில் இடைவெளி விழுவது சாதாரணம். ஜப்பான் 1945 செப்டம்பர் 2 அன்று டோக்கியோ வளைகுடாவில் நின்ற மிசௌரி போர்க்கப்பலின் தளத்தில் கையெழுத்திட்டது. சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1952 ஏப்ரல் 28 அன்று. இடைப்பட்ட ஆறரை ஆண்டும் ஜப்பான் வேறொருவர் பொறுப்பில் இருந்தது. ரஷ்யாவோடு இன்றுவரை சமாதான உடன்படிக்கையே கிடையாது. 1956இல் செய்துகொண்ட கூட்டு அறிக்கையை வைத்துக்கொண்டு காலம் ஓடுகிறது.

'நிபந்தனையற்ற சரணாகதி' என்ற சொல்லையும் சேர்த்துக் கேட்பார்கள். தோற்றவன் எதையும் பேரம் பேச முடியாது என்பதே அதன் பொருள். 1945 மே மாதம் ஜெர்மனி அப்படித்தான் சரணடைந்தது. அடுத்த மாதமே நாட்டின் உச்ச அதிகாரத்தை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் நான்கும் எடுத்துக்கொண்டன. 1949 வரை ஜெர்மன் அரசு என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

களத்தில் வென்றுகொண்டே இருக்கும் நாடு போரில் தோற்க முடியுமா?

முடியும். வியட்நாமில் அமெரிக்கப் படைகள் பெரிய மோதல்களில் அநேகமாகத் தோற்கவில்லை. 58,000க்கும் அதிகமான வீரர்களை இழந்தபின், 1973இல் பாரிஸில் ஒப்பந்தம் செய்துகொண்டு வெளியேறினார்கள். 1975 ஏப்ரல் 30 அன்று தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் கம்யூனிஸ்ட் வடக்கிடம் வீழ்ந்தது. எதைத் தடுக்கப் போனார்களோ அது நடந்துவிட்டது. சோவியத் படை 1989 பிப்ரவரியிலும் அமெரிக்கப் படை 2021 ஆகஸ்டிலும் ஆப்கானிஸ்தானை விட்டுக் கிளம்பியதும் இதே இனம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தோல்வியையும் 1945இன் ஜெர்மானியத் தோல்வியையும் ஒரே சொல்லால் குறிப்பது மொழியின் ஏழ்மை. வல்லரசு தூரதேசத்தில் தோற்றால் அதன் தலைநகரில் தெருவிளக்கு அணைவதில்லை, பள்ளிக்கூடம் மூடுவதில்லை. அதை நம்பி நின்ற உள்ளூர்க்காரர்களுக்குத்தான் நாடே போகிறது. 1975இல் தோற்றது அமெரிக்கா என்பது பேச்சு வழக்கு. உலகப் படத்திலிருந்து மறைந்தது தெற்கு வியட்நாம்.

இதற்கு நேர்மாறும் உண்டு. 1956இல் சூயஸ் கால்வாயைப் பிடிக்க வந்த பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் எகிப்தியப் படையை முறியடித்தன. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் நெருக்கியதால் அவை பின்வாங்கின. கால்வாய் எகிப்திடமே நின்றது. களத்தில் தோற்ற எகிப்தின் தலைவர் நாசர் அரபு உலகின் நாயகனானார்.

தோற்றால் நாடே இல்லாமல் போய்விடுமா?

பழைய காலத்தில் அது வழக்கம். போலந்தை 1795இல் ரஷ்யா, ஜெர்மானிய அரசான பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்குபோட்டு முடித்தன. 123 ஆண்டுகள் கழித்து 1918இல்தான் அந்தப் பெயரில் மறுபடி ஒரு சுதந்திர நாடு வந்தது. இடையில் மொழியும் தேவாலயமும் கவிதையும்தான் போலந்து.

1945க்குப் பிறகு சட்டம் மாறியிருக்கிறது. ஐக்கிய நாடுகள் சாசனப்படி, படை பலத்தால் இன்னொரு நாட்டு மண்ணை எடுத்துக்கொள்வது செல்லாது. 1990 ஆகஸ்டில் குவைத்தை விழுங்கித் தன் மாகாணம் என்று ஈராக் அறிவித்தபோது உலகம் ஏற்கவில்லை. அச்சுறுத்தி வாங்கிய உடன்படிக்கை செல்லாது என்று 1969ஆம் ஆண்டின் வியன்னா உடன்பாடும் சொல்கிறது. சட்டம் எழுதியபடியே எல்லா இடத்திலும் நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிடித்தவன் பிடித்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் காலம் போய், வேறு பெயர் சூட்டி மறைக்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. அது சின்ன மாற்றமல்ல.

நிலம் கைமாறினால் அங்கே இருந்த மக்கள் கதி?

கோடு நகர்வது காகிதத்தில். ஆள் நகர்வதா, கோட்டுக்கு அந்தப்பக்கம் அந்நியனாக இருப்பதா என்ற கேள்வி வீட்டு வாசலுக்கு வருகிறது.

முதல் உலகப் போரில் தோற்ற ஹங்கேரி 1920 ஜூன் 4 அன்று ட்ரியானோன் உடன்படிக்கையில் தன் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. முப்பது லட்சத்துக்கும் அதிகமான ஹங்கேரியர்கள் வீட்டைவிட்டு நகராமலே வெளிநாட்டவர் ஆனார்கள். 1923இல் லோசானில் துருக்கியும் கிரேக்கமும் வேறு வழி கண்டன: மக்களையே மாற்றிக்கொள்வது. பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர், மொழியைப் பார்க்காமல் மதத்தை வைத்து, கடலைக் கடத்தி அனுப்பப்பட்டார்கள். துருக்கி மொழி மட்டுமே பேசத் தெரிந்த கிறிஸ்தவர்கள் கிரேக்கத்தில் போய் இறங்கினார்கள். 1945க்குப் பிறகு கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தப்பி ஓடியும் விரட்டப்பட்டும் வந்த ஜெர்மானியர் ஒரு கோடிக்கும் மேல்.

ஃபின்லாந்து செய்ததை மட்டும் தனியாகச் சொல்லத் தோன்றுகிறது. சோவியத் யூனியனிடம் கரேலியாவை இழந்தபோது அங்கிருந்த நான்கு லட்சத்துக்கும் அதிகமானவர்கள், அநேகமாக மொத்தப் பேரும், ஃபின்லாந்தின் மிச்ச நிலத்துக்கு வந்துவிட்டார்கள். நாட்டு மக்களில் பத்தில் ஒருவருக்கு மேல் அகதி. 1945இல் சட்டம் போட்டு அரசிடமும், திருச்சபைகளிடமும், நிறுவனங்களிடமும், உள்ளூர் விவசாயிகளிடமும் நிலம் எடுத்து அவர்களுக்குக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் மனமுவந்து கொடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அகதி முகாம் என்ற ஒன்று தலைமுறை தலைமுறையாக அங்கே நிலைக்கவில்லை.

போர் இழப்பீடு என்பது என்ன? உண்மையில் யார் கட்டுகிறார்கள்?

போரின் செலவையும் சேதத்தையும் தோற்றவன் தலையில் கட்டுவது. கட்டுபவர்கள் பெரும்பாலும் அந்தப் போரை முடிவு செய்தவர்கள் அல்லர். அவர்களின் பேரப்பிள்ளைகள்கூட அந்த வரிசையில் நிற்பார்கள்.

1871இல் பிரஷ்யாவிடம் தோற்ற பிரான்ஸ் 500 கோடி பிராங்க் கட்ட வேண்டும், கட்டும்வரை ஜெர்மன் படை பிரெஞ்சு மண்ணில் இருக்கும் என்று ஏற்பாடு. பிரான்ஸ் கடன் பத்திரம் வெளியிட்டது. கேட்ட தொகையைப் போலப் பல மடங்கு பணம் வந்து குவிந்தது. 1873 செப்டம்பரில், கெடுவுக்கு முன்பே கட்டி முடித்துப் படையை வெளியேற்றினார்கள். பணத்தில் முடிந்தது, அல்சாஸ், லொரெய்ன் பகுதிகள் ஜெர்மனியிடம் போன வலி முடியவில்லை.

1919இல் கணக்குத் திரும்பியது. வெர்சாய் அரண்மனையின் அதே கண்ணாடி மண்டபத்தில், 1871இல் ஜெர்மன் பேரரசு பிரகடனம் செய்யப்பட்ட இடத்திலேயே, ஜெர்மனி கையெழுத்திட்டது. இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கும் வன்மத்தைக் கவனியுங்கள். 1921இல் இழப்பீட்டுத் தொகை 13,200 கோடி தங்க மார்க் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி கட்டப்படவே இல்லை. ஆனால் தவணை கட்ட வாங்கிய கடன் பத்திரங்களின் பாக்கி ஹிட்லரைத் தாண்டி, பெர்லின் சுவரைத் தாண்டி ஓடி, 2010 அக்டோபர் 3 அன்று கடைசித் தவணையோடு தீர்ந்தது. போர் முடிந்து 92 ஆண்டுகள்.

ஃபின்லாந்துக்குச் சோவியத் யூனியன் போட்ட இழப்பீடு 30 கோடி டாலர். பணமாகக் கட்ட முடியாது, பொருளாகத் தர வேண்டும்: கப்பல், எந்திரம், மின்கம்பி. அந்த நாடு அதுவரை முக்கியமாக விற்றது மரமும் காகிதமும். வேறு வழியில்லாமல் கப்பல் கட்டும் தளங்களையும் உலோகத் தொழிலையும் பெருக்கினார்கள். சோவியத் தரப்பு பின்னர் தொகையைக் குறைத்தது. 1952இல் கடைசிச் சரக்கு எல்லை தாண்டியது. தொழிற்சாலைகள் தங்கிவிட்டன. இதை வைத்து இழப்பீடு நல்லது என்று வாதிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அபராதம் கட்டியவன் கைத்தொழில் கற்றுக்கொண்டான் என்றால் பாராட்டு அபராதத்துக்குப் போகக் கூடாது.

அண்மைக்கால உதாரணம் ஈராக். குவைத் படையெடுப்புக்காக ஐக்கிய நாடுகளின் இழப்பீட்டு ஆணையம் வழியே 5,240 கோடி டாலர் கட்டியது, எண்ணெய் வருமானத்திலிருந்து. 2022 ஜனவரியில் கணக்கு முடிந்தபோது, படையை அனுப்பிய சதாம் ஹுசேன் செத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

வென்றவனே இழப்பீடு கட்டிய கொடுமையும் வரலாற்றில் இருக்கிறது. பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்து 1804இல் விடுதலை பெற்ற ஹைட்டி, 1825இல் துறைமுகத்துக்கு வெளியே பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் நிற்க, 15 கோடி பிராங்க் தர ஒப்புக்கொண்டது. பின்னர் அது 9 கோடியானது. பிரெஞ்சுப் பண்ணை முதலாளிகள் இழந்த சொத்துக்கு நஷ்டஈடாம். அந்தச் சொத்துக் கணக்கில் அடிமைகளும் உண்டு. விடுதலை பெற்றவர்கள் தங்கள் உடம்புக்கே விலை கட்டினார்கள்.

கையிலிருக்கும் பணம் செல்லுமா?

சில சமயம் மறுநாளே செல்லாது. மலாயாவை ஆண்ட ஜப்பானியர் அச்சடித்த, வாழைமரப் படம் போட்ட நோட்டுகள் 1945இல் வெறும் காகிதமாயின. தோற்ற ஜெர்மனியில் 1948 ஜூனில் புதிய மார்க் வரும்வரை கடைத்தெருவில் மதிப்போடு புழங்கியது அமெரிக்க சிகரெட்.

அந்நியப் படை வந்து உட்கார்ந்தால் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

யார் வந்து உட்கார்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. முதல் சில வாரங்கள்தான் மிகப் பயங்கரம். கட்டுப்பாடில்லாத படை, பாதுகாப்பில்லாத ஊர். 1945இல் பெர்லினில் சோவியத் படை நுழைந்தபோது பெண்கள் பட்ட பாட்டை அவர்கள் பல பத்தாண்டுகள் வெளியே பேசவே இல்லை. தோல்வியின் இந்தப் பகுதி எந்த உடன்படிக்கையிலும் எழுதப்படுவதில்லை.

ஜப்பானிய அனுபவம் கலவையானது. வந்த அமெரிக்கர்கள் நிலச்சீர்திருத்தம் செய்தார்கள். குத்தகை விவசாயிகள் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். 1946 ஏப்ரல் தேர்தலில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். 39 பெண்கள் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். அதே வேளையில் பத்திரிகைகளுக்குக் கடுமையான தணிக்கை. ஹிரோஷிமாவில் அணுகுண்டு செய்ததை ஹிரோஷிமாக்காரர் விரிவாக எழுத முடியாது. தணிக்கை நடப்பதைக்கூட எழுதக் கூடாது. புதிய அரசியல் சட்டத்தின் வரைவை அந்த அமெரிக்கப் படைக்குத் தலைவரான மெக்ஆர்தரின் அலுவலர்கள் ஒரு வாரத்தில் ஆங்கிலத்தில் எழுதி முடித்தார்கள். போரை என்றென்றைக்கும் துறப்பதாகச் சொல்லும் அதன் ஒன்பதாவது பிரிவு அந்நியர் திணித்தது என்று ஒரு சாரார் இன்றும் பொருமுகிறார்கள். ஆனால் 1947இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தில் இதுவரை ஒரு வரியும் திருத்தப்படவில்லை. திணிக்கப்பட்ட ஒன்றை மக்கள் தமதாக்கிக்கொள்ளவும் கூடும்.

போர்க் கைதிகள் எப்போது வீடு திரும்புவார்கள்?

சண்டை ஓய்ந்தவுடன் தாமதமின்றி விடுவிக்க வேண்டும் என்பது 1949 ஜெனீவா உடன்பாட்டின் விதி. நடப்பில் கைதி என்பவன் பேரம் பேசும் பொருள். 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது சுமார் 93,000 பேர் இந்தியாவின் பிடியில் வந்தார்கள். கடைசிக் குழுவினர் திரும்பியது 1974இல். சோவியத் முகாம்களில் இருந்த ஜெர்மானியர் கடைசியாக ஊர் வந்து சேர்ந்தது 1956 தொடக்கத்தில். பதினோரு ஆண்டு கழித்துக் கதவைத் தட்டுகிறவனுக்கு வீட்டில் இடம் இருந்ததா என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு கதை.

திரும்ப மறுத்தவர்களும் உண்டு. கொரியப் போரில் பிடிபட்ட சீன வீரர்களில் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் சீனாவுக்குப் போக மறுத்துத் தைவானுக்குப் போனார்கள். 21 அமெரிக்கர்கள் சீனாவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தோற்ற நாட்டின் தலைவர்களைத் தண்டிப்பது நியாயமா?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடந்த போர்க்குற்ற வழக்குகளில், ஜெர்மனியின் நூரம்பர்க்கில் 12 பேருக்கும் டோக்கியோவில் 7 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. வென்றவர்களின் நீதி என்ற குறை அன்றே எழுந்தது, அதில் உண்மையும் உண்டு. வென்றவர் செய்த குற்றங்கள் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். தோற்றவன் சொல்லும் அப்படித்தான். ஆனால் அந்த வழக்குகள் குவித்து வைத்த ஆவணங்கள் இல்லாமலிருந்தால், நடந்ததையே இல்லையென்று சொல்வது இன்னும் எத்தனை எளிதாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். குறையோடு கூடிய நீதிமன்றம், சுவரோரம் நிறுத்திச் சுடுவதைவிட மேல்.

ஆட்சி கவிழ்ந்துவிடுமா?

பெரும்பாலும். 1982 ஜூன் 14 அன்று ஃபாக்லாந்து தீவில் அர்ஜென்டினப் படை பிரிட்டனிடம் சரணடைந்தது. சில நாட்களில் ராணுவ ஆட்சித் தலைவர் கால்டியேரி போனார். அடுத்த ஆண்டு தேர்தல். 1985இல் ராணுவத் தளபதிகளே குற்றவாளிக் கூண்டில். பாகிஸ்தானில் டாக்கா விழுந்த நான்காம் நாள் ராணுவ ஆட்சியாளர் யாஹியா கான் பதவி இழந்தார். சதாம் ஹுசேனோ 1991இல் நொறுங்கத் தோற்றும் இன்னும் பன்னிரண்டு ஆண்டு ஆண்டார், அதுவும் தான் வென்றதாகச் சொல்லிக்கொண்டு. எதிரியிடம் தோற்ற படை, தன் மக்களைச் சுடும் அளவுக்குப் பலமாக இருந்தால் நாற்காலி பிழைக்கும்.

"நாங்கள் தோற்கவே இல்லை" என்று சில நாடுகள் சொல்வது ஏன்?

என்னைக் கேட்டால் மொத்தப் பட்டியலிலும் முக்கியமான கேள்வி இதுதான்.

1918 செப்டம்பர் இறுதியில் ஜெர்மன் படைகளை நடத்திய லூடென்டார்ஃப், போர் கைவிட்டுப் போய்விட்டது, உடனே போர்நிறுத்தம் கேளுங்கள் என்று அரசிடம் சொன்னார். கேட்க வேண்டிய வேலையும் கையெழுத்திட வேண்டிய வேலையும் குடிமை அரசியல்வாதிகள் தலையில் விழுந்தன. கோம்பியேன் காட்டில் ஒரு ரயில் பெட்டிக்குள் நவம்பர் 11 விடியற்காலையில் கையெழுத்திட்ட ஜெர்மன் குழுவின் தலைவர் மத்தியாஸ் எர்ஸ்பெர்கர், ராணுவத்தைச் சேர்ந்தவர் அல்லர், நாடாளுமன்றக்காரர். தளபதிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். வீரர்கள் அணிவகுத்து ஊர் திரும்பினார்கள். எந்த எதிரியும் உங்களை வெல்லவில்லை என்று புதிய அரசின் தலைவர் எபெர்ட்டே அவர்களை வரவேற்றார். ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை. அடுத்த ஆண்டு தளபதி ஹிண்டென்பர்க் விசாரணைக் குழுவின் முன் நின்று, படையை முதுகில் குத்திவிட்டார்கள் என்றார். யார் குத்தியது? சோஷலிஸ்டுகள், யூதர்கள், கையெழுத்திட்டவர்கள். 1921 ஆகஸ்டில் எர்ஸ்பெர்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் பொய்யின் தோளில் ஏறி வந்தவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. 1940இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் அவர் அதே ரயில் பெட்டியை அதே காட்டுக்கு இழுத்து வரச் செய்து அதில் பிரெஞ்சுக்காரர்களைக் கையெழுத்திடவைத்தார்.

அதனால்தான் தோல்வியில் யார் கையெழுத்திடுகிறார்கள் என்பதைச் சடங்கு என்று தள்ளிவிட முடியாது. 1945இல் நேச நாடுகள் ஜெர்மன் தளபதிகளையே மேசைக்கு வரவழைத்தன: ரைம்ஸில் யோடல், பெர்லினில் கைட்டெல். மிசௌரி கப்பலில் அரசின் சார்பில் ஷிகெமிட்ஸு, ராணுவத்தின் சார்பில் உமெஸு, இருவரும் கையெழுத்திட்டார்கள். யாரோ காட்டிக்கொடுத்தார்கள் என்று பிறகு ராணுவம் கதை கட்ட இடமில்லை.

தோல்வியால் நன்மை வருமா?

வந்திருக்கிறது, விலை கொடுத்து. கிரிமியப் போரில் தோற்ற ரஷ்யா ஐந்தாண்டுக்குள், 1861இல், பண்ணையடிமை முறையை ஒழித்தது. 1864இல் ஷ்லெஸ்விக்கையும் ஹோல்ஸ்டைனையும் இழந்த டென்மார்க், வெளியே இழந்ததை உள்ளே ஈட்டுவோம் என்று ஜட்லாந்தின் புதர்மண்டிய வெற்று நிலத்தை உழவும் மரம் நடவும் இறங்கியது. அதற்கென்று 1866இல் ஒரு சங்கமே உருவானது. ஆனால் 1870இல் முடிந்த போரில் ஆண்களில் பெரும்பாலோரை இழந்த பராகுவேயிடம் போய் நன்மை என்ன என்று கேட்க முடியாது. தோல்வி பாடம் புகட்டும் என்பவர்கள் பிழைத்த மாணவர்களை மட்டுமே எண்ணுகிறார்கள்.

இழந்ததை ஒரு நாடு எத்தனை காலம் நினைத்திருக்கும்?

பொலிவியாவைப் பாருங்கள். 1879இல் தொடங்கிய போரில் சிலியிடம் தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. 1904 உடன்படிக்கை அதை உறுதிசெய்தது. ஆனாலும் ஆண்டுதோறும் மார்ச் 23 அன்று கடல் நாள் கொண்டாடுகிறார்கள். கடலில்லாத அந்த நாட்டுக்குக் கடற்படை இருக்கிறது. டிட்டிகாகா ஏரியிலும் ஆறுகளிலும் ரோந்து போகிறது. கடலுக்கு வழி தருவது பற்றிச் சிலி பேசியே ஆக வேண்டும் என்று சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அப்படி ஒரு கடமை சிலிக்கு இல்லை என்று 2018 அக்டோபர் 1 அன்று தீர்ப்பு வந்தது. அடுத்த மார்ச்சிலும் கடல் நாள் நடந்தது.

வரலாற்றை எழுதுபவர்கள் வென்றவர்கள்தானே?

எப்போதும் இல்லை. பழைய கிரேக்கத்தில் ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலோபொன்னேசியப் போரைப் பற்றி நாம் படிப்பதில் பெரும்பகுதி துசிடிடீஸ் எழுதியது; அவர் தோற்ற ஏதென்ஸின் தளபதி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் யூனியனோடு நடந்த கிழக்குக் களத்தின் கதையை அமெரிக்க ராணுவத்துக்கு எழுதிக் கொடுத்தவர்கள் ஹால்டர் போன்ற ஜெர்மன் தளபதிகள். தவறெல்லாம் ஹிட்லருடையது, ராணுவம் கறைபடாதது என்று எழுதினார்கள். வெகுகாலம் அது நம்பப்பட்டது.

தோற்ற நாளைக் காலண்டரில் என்னவென்று குறிப்பார்கள்?

பேரரசர் ஹிரோஹிட்டோ 1945 ஆகஸ்ட் 15 அன்று வானொலியில் பேசியபோது சரணாகதி என்ற சொல்லையே உச்சரிக்கவில்லை. போர்நிலை ஜப்பானுக்கு அவ்வளவு சாதகமாக அமையவில்லை என்ற பாணியில் சொன்னார். அரசவை மொழி புரியாமல் பலர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். பிலிப்பைன்ஸின் லூபாங் தீவில் இருந்த ஒனோடா என்ற அதிகாரியோ 1974 வரை நம்பவில்லை. பழைய மேலதிகாரி நேரில் போய் ஆணையை வாசித்த பிறகுதான் துப்பாக்கியைக் கொடுத்தார். ஜப்பானில் அந்த ஆகஸ்ட் நாளின் பெயர் இன்றும் 'போர் முடிந்த நாள்'. தோற்ற நாள் என்று சொல்வதில்லை.

மேற்கு ஜெர்மனியில் மே 8ஐ என்ன செய்வதென்று நாற்பது ஆண்டு தடுமாறினார்கள். 1985இல் குடியரசுத் தலைவர் வைட்ஸெக்கர் நாடாளுமன்றத்தில் அதை விடுதலை நாள் என்றார். பலர் கைதட்டினார்கள், சிலர் கோபப்பட்டார்கள்.

வியட்நாமில் ஏப்ரல் 30 தேசிய விடுமுறை. தெற்கின் விடுதலை நாள். அதே நாளைக் கலிபோர்னியாவில் குடியேறிய வியட்நாமியர்கள் கறுப்பு ஏப்ரல் என்கிறார்கள். மஞ்சள் நிறத்தில் மூன்று சிவப்புக் கோடுகள் போட்ட, இப்போது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கொடியை ஏற்றுகிறார்கள்.